போல் டான்ஸ்: கிளப்பிலிருந்து ஜிம்முக்கு வந்த கம்பம்

போல் டான்ஸ், அதாவது உலோகக் கம்பத்தில் ஏறிச் சுழன்று ஆடும் நடனம், என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு மங்கலான சிவப்பு வெளிச்சமும் சிகரெட் புகையும் நினைவுக்கு வரும். மீதிப் பேருக்கு இன்ஸ்டாகிராமில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சிரிக்கும் பெண். இரண்டுமே ஒரே கம்பம்தான். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இன்று யோகா, ஜூம்பா வகுப்புகளைப் போலவே போல் டான்ஸ் வகுப்பும் நடக்கிறது. இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் நம் வீட்டுப் பெண்கள் போகிறார்கள். என்ன, வீட்டில் "ஜிம்முக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

என் சித்தி மகள் அப்படிப் போகிறவள்தான். தமிழ் இன்னும் நாவில் தங்கியிருக்கும் தலைமுறையைச் சேர்ந்த எங்கள் பெரியம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் காலைப் பார்த்துவிட்டார்.

"என்னடி இது, தொடையெல்லாம் கன்னிப் போயிருக்கு?"

"கம்பத்துல ஏறிப் பழகறேன் பெரியம்மா."

"கம்பத்துல ஏறி என்ன பறிக்கப் போற?"

எதையும் பறிக்க இல்லை. ஆனால் கேள்வி நியாயமானது. இந்தக் கலை என்ன, எங்கிருந்து வந்தது, எப்படி இவ்வளவு தூரம் வந்தது என்பதை முதலிலிருந்து பார்ப்போம்.

கம்பமும் தோலும்

தரையிலிருந்து கூரைவரை நிற்கும் உலோகக் குழாய். இன்று ஸ்டூடியோக்களில் அதிகம் காணப்படுவது 45 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. குரோம் பூசியது, பித்தளை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று பல வகை. அசையாமல் நிற்கும் கம்பம் ஒன்று, பேரிங் வைத்துத் தானே சுழலும் கம்பம் மற்றொன்று. முதலாவதில் நாம் கம்பத்தைச் சுற்றி வருகிறோம். இரண்டாவதில் கம்பம் நம்மைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிறது. சுழலும்போது கைகாலை உள்ளே இழுத்தால் வேகம் கூடும், வெளியே நீட்டினால் குறையும். புதிதாக வருகிறவர்கள் பயத்தில் உடம்பைக் குறுக்கிக்கொள்வார்கள். உடனே கம்பம் இன்னும் வேகமாகச் சுற்றும், பயம் இன்னும் கூடும். முதல் வாரத்தில் வகுப்பில் கேட்கும் அலறல்களுக்குப் பாதிக் காரணம் இந்த இயற்பியல்தான்.

எல்லோரும் கேட்கும் கேள்வி, ஏன் அவ்வளவு குட்டையான உடை? உலோகத்தில் துணி வழுக்கும், தோல் பிடிக்கும். அவ்வளவுதான். தொடையின் உட்பக்கம், முழங்காலின் பின் மடிப்பு, அக்குள், இடுப்பின் பக்கவாட்டு என்று தோல் பதியும் இடங்களில்தான் உடம்பின் மொத்த எடையும் தொங்குகிறது. லெகிங்ஸ் போட்டுக்கொண்டு தலைகீழாகத் தொங்கினால் நேராகத் தரைக்கு வந்துவிடுவீர்கள். அந்தத் தோல் இழுபட்டு நசுங்குவதால் வருவதுதான் பெரியம்மா பார்த்த நீலத் தழும்பு. சில வாரங்களில் உடம்பு பழகிவிடும்.

தோல்தான் எல்லாம் என்பதால் ஊரின் காற்றும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஜனவரியில் டர்பன் எப்படிப் புழுங்கும் என்று தெரியும். உள்ளங்கை வேர்த்து, கம்பத்தின் மேலும் ஈரம் படிந்து, பிடி நழுவும். பிடிப்புக்குச் சாக்பீஸ் மாதிரியான பொடியைப் பூசி, நிமிடத்துக்கொரு முறை துண்டால் கம்பத்தைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். லோட் ஷெடிங்கில் ஏசி நின்றுபோனால் வகுப்பே முடிந்த மாதிரி. ஜோகன்னஸ்பர்க்கில் ஜூலை மாதம் இதற்கு நேர் எதிர்: காற்று வறண்டு, கம்பம் சில்லென்று இருக்க, காய்ந்த தோல் உலோகத்தில் ஒட்டவே ஒட்டாது. அங்கே கம்பத்தைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் ஏறுவார்கள். குளித்துவிட்டுத் தேங்காய் எண்ணெயோ லோஷனோ தடவிக்கொண்டு வகுப்புக்குப் போகாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் அப்படி வந்து நிற்பார்.

முதல் பாடமாகப் பெரும்பாலும் சொல்லித்தருவது ஃபயர்மேன் ஸ்பின். தீயணைப்பு வீரர் கம்பத்தில் சறுக்கி இறங்குவது போன்றது. கம்பத்தின் பக்கவாட்டில் நின்று உள்கையால் உயரப் பிடிக்க வேண்டும். இரண்டடி நடந்து, வெளிக்காலை வீசி, மற்றக் கையால் மார்புக்கு நேரே பிடித்து, சின்னத் தாவலில் இரண்டு முழங்காலுக்கும் நடுவே கம்பத்தைக் கவ்வ வேண்டும். ஒரு சுற்று, இரண்டு சுற்று, தரை. பார்க்கச் சுலபம். முடித்ததும் தோள்பட்டை என்ற ஒன்று நமக்கு இருப்பது தெரியவரும்.

மல்லர் கம்பத்தின் பேரனா?

இனி வரலாறு. பல ஸ்டூடியோக்களின் இணையப் பக்கங்களில் இதை இப்படித் தொடங்குவார்கள்: போல் டான்ஸ் பல நூற்றாண்டுப் பழமையானது, இந்தியாவின் மல்லர் கம்பத்திலிருந்தும் சீனக் கம்ப வித்தையிலிருந்தும் வந்தது. நமக்குக் கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் நிதானிப்போம்.

மல்லர் கம்பம் பழமையானது என்பதில் சந்தேகமில்லை. 12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் உள்ள மானசோல்லாசம் என்ற நூலில் அதன் குறிப்பு இருப்பதாகச் சொல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மராட்டிய நாட்டில் பாலம்பட்ட தாதா தேவதர் அதற்குப் புத்துயிர் கொடுத்தார். தமிழ்நாட்டில் விழுப்புரத்துப் பிள்ளைகள் இதில் பேர் எடுத்தவர்கள். ஆனால் அது மரக் கம்பம். தடிமனானது, மேலே போகப் போக மெலியும், விளக்கெண்ணெய் தடவியது. மல்யுத்த வீரர்களின் உடற்பயிற்சிக்காக எழுந்தது. சீனக் கம்பமோ ரப்பர் சுற்றியது. தோல் உரிந்துவிடும் என்பதால் கலைஞர்கள் முழு உடையோடு ஏறுவார்கள். பளபளக்கும் உலோகம், குதிகால் உயர்ந்த செருப்பு, இசைக்கு ஏற்றபடி இடுப்பும் கூந்தலும் வளைவது, தரையில் உருண்டு எழுவது, இதில் எதுவும் அந்த இரண்டிலும் கிடையாது. சில தொங்கல்களும் பிடிகளும் பின்னாளில் அங்கிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டன, உண்மை. அது தத்து எடுத்த தாத்தா. பெற்ற தாய் வேறு இடத்தில் இருக்கிறாள்.

1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் மத்திய கிழக்குப் பெண்களின் இடுப்பு நடனம் அமெரிக்கர்களைக் கிறுகிறுக்க வைத்தது. அதன் மலிவான நகல்கள் ஊர் ஊராகச் சுற்றும் கார்னிவல்களில் கூடாரம் போட்டன. கூடாரத்தைத் தாங்கும் நடுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பெண்கள் ஆடியதுதான் தொடக்கம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. அடுத்து கேலிக்கூத்தும் கவர்ச்சி ஆட்டமும் கலந்த பர்லெஸ்க் அரங்குகள், அதற்கடுத்து உடையைக் களைந்து ஆடும் ஸ்ட்ரிப் கிளப்புகள். 1980-களில் கனடாவிலும் அமெரிக்காவிலும் கிளப் மேடையென்றால் கம்பம் இருக்கும் என்ற நிலை வந்துவிட்டது.

கம்பம் அங்கே ஏன் பொருந்தியது என்று யோசித்தால் காரணம் சாதாரணமானது. மேடை சின்னது, கூட்டம் நெருக்கம். மேலே ஏறினால் கடைசி வரிசைக்கும் தெரியும். எட்டு அங்குல ஹீல்ஸில் மணிக்கணக்கில் நிற்பவளுக்குப் பிடித்துக்கொள்ளவும் ஒன்று வேண்டும். முக்கியமானது, அமெரிக்க கிளப்புகளில் இந்தப் பெண்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. மேடையேற அவர்களே கிளப்புக்குக் கட்டணம் கட்டுவார்கள், பிறகு டிப்ஸில்தான் அதை மீட்க வேண்டும். பக்கத்தில் ஆடுபவளைவிட ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினால் இன்னும் பத்து டாலர். இந்தப் போட்டியில்தான் வித்தைகள் பிறந்தன. ஆசிரியர் இல்லை, பாடத்திட்டம் இல்லை. ஒருத்தி செய்வதை இன்னொருத்தி ஷிஃப்ட் முடிவில் பார்த்துக் கற்றாள். இன்று ஸ்டூடியோக்களில் காசு கொடுத்துக் கற்கும் சுழல்களிலும் தரை அசைவுகளிலும் கணிசமானவற்றைக் கண்டுபிடித்தவர்களின் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை.

நம் நாட்டில்

தென்னாப்பிரிக்காவுக்கு இது தாமதமாக வந்தது. நிறவெறி ஆட்சி தன்னை ஒழுக்கத்தின் காவலனாகவும் காட்டிக்கொண்டது. 1970-களில் க்ளெண்டா கெம்ப் என்ற நடனக்காரி ஊப்பா என்ற மலைப்பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஆடி, ஆபாச வழக்குகளில் நீதிமன்றம் ஏறியது நாடே பேசிய செய்தி. அதே அரசு, தான் 'சுதந்திர நாடு' என்று அறிவித்த கறுப்பினத்தவர் பகுதிகளான பாண்டுஸ்தான்களில் கண்ணை மூடிக்கொண்டது. 1979-இல் அவற்றில் ஒன்றான போபுத்தட்ஸ்வானாவில் விடுதி அதிபர் சோல் கெர்ஸ்னர் திறந்த சன் சிட்டி உல்லாச விடுதியில் சூதாட்டமும் உண்டு, மேலாடையில்லாத நடனமும் உண்டு. எல்லா நிறத்தவரும் உள்ளே போகலாம். டர்பன்காரர்களுக்கு இன்னும் பக்கத்தில், இன்னொரு பாண்டுஸ்தானான டிரான்ஸ்கையின் எல்லையைத் தாண்டியதும் வைல்ட் கோஸ்ட் சன் கேசினோ இருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் பாவம், அந்தப் பக்கம் வியாபாரம்.

1994-இல் அந்த ஆட்சி முடிந்த பிறகு தணிக்கை தளர்ந்தது, கிளப்புகள் வெளிப்படையாக வந்தன. டீசர்ஸ் என்ற ஸ்ட்ரிப் கிளப் சங்கிலியின் முதலாளி லாலி ஜாக்சன் வைத்த விளம்பரப் பலகைகள் மேல் புகார்கள் குவிந்தன. 2010 மே மாதம் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது பத்திரிகைகள் நிரம்பி வழிந்தன. நம் பெற்றோர் தலைமுறைக்குக் கம்பம் என்றால் இந்தத் தலைப்புச் செய்திகள்தான். அவர்கள் முகம் சுளிப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் அதே காலத்தில்தான் ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும் டர்பனிலும் உடற்பயிற்சி என்ற பெயரில் இன்னொரு கதவு திறந்தது.

வெளியே வந்த வழி

அந்தக் கதவை முதலில் தட்டியவர்களில் ஒருவர் கனடாவின் ஃபானியா மொண்டே. கிளப்பில் ஆடியவர். 1990-களின் நடுவில், கிளப்புக்குச் சம்பந்தமில்லாத பெண்களுக்குச் சொல்லித்தர ஆரம்பித்தார், பயிற்சி வீடியோக்களும் விற்றார். 2000 வாக்கில், திரைப்படம் ஒன்றில் ஸ்ட்ரிப்பராக நடிப்பதற்காக இதைக் கற்ற ஷீலா கெல்லி என்ற நடிகை, லாஸ் ஏஞ்சலஸில் எஸ் ஃபேக்டர் என்ற ஸ்டூடியோவைத் தொடங்கினார். தொலைக்காட்சி அவரைக் கொண்டாடியது. கவனியுங்கள்: கிளப்பில் வருடக்கணக்கில் ஆடியவர்கள் சொன்னபோது வராத மரியாதை, அந்த வேடத்தில் நடித்தவர் சொன்னதும் வந்தது.

அப்புறம் வேகம்தான். 2009-இல் சர்வதேச போல் விளையாட்டுக் கூட்டமைப்பு உருவானது. 2012-இல் லண்டனில் உலகப் போட்டி நடந்தது. 2017-இல் உலக விளையாட்டுக் கூட்டமைப்புகளின் பேரவை இதற்குப் பார்வையாளர் தகுதி கொடுத்தது. டாட்ஜ்பால், போக்கர், கை மல்லுக்கும் அதே சமயத்தில்தான் கிடைத்தது. "ஒலிம்பிக்கில் சேர்ந்துவிட்டது" என்று அப்போது பரவிய செய்தி தவறு. அது முதல் படிக்கட்டு, அவ்வளவே.

விளையாட்டாவதற்கு ஒரு விலை இருந்தது. கூட்டமைப்பின் போட்டிகளில் ஹீல்ஸ் கூடாது. லெதர் உடை கூடாது. உடையைக் களையக் கூடாது. காமச் சாயல் கொண்ட அசைவுக்கு மதிப்பெண் குறையும். கிளப்பிலிருந்து வித்தையை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொண்டு, கிளப்பின் வாசனையைத் துடைத்துப் போட்டார்கள். 2010-களின் நடுவில் இன்ஸ்டாகிராமில் பொழுதுபோக்காகக் கற்ற பெண்கள் தங்கள் படங்களுக்குக் கீழே 'நான் ஸ்ட்ரிப்பர் இல்லை' என்று ஹேஷ்டேக் போடத் தொடங்கினார்கள். கிளப்பில் ஆடுபவர்கள் பதிலுக்கு 'ஆமாம், நான் ஸ்ட்ரிப்பர்தான்' என்று போட்டார்கள். எங்கள் அசைவு வேண்டும், எங்கள் செருப்பு வேண்டும், நாங்கள் மட்டும் வேண்டாமா என்பது அவர்கள் கேள்வி.

நமக்குத் தெரிந்த கதைதான்

இதைப் படிக்கும்போது தமிழருக்கு எங்கோ கேட்ட மாதிரி இருக்க வேண்டும். சதிர் நினைவிருக்கிறதா?

கோயிலிலும் செல்வர் வீட்டு விசேஷங்களிலும் இசை வேளாளர் குலத்துப் பெண்கள் ஆடிய ஆட்டம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதற்கு எதிராக இயக்கம் எழுந்தது. 'கௌரவமான' வீட்டுப் பெண் அதைக் கற்பதை நினைத்தும் பார்க்க முடியாது. 1930-களில் சென்னை மியூசிக் அகாடமி அதை மேடையேற்றியது. வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணய்யர் அதற்காக வாதாடினார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற ருக்மிணி தேவி 1935-இல் அடையாற்றில் ஆடினார், 1936-இல் கலாக்ஷேத்ரா தொடங்கினார். சிருங்காரத்தைக் குறைத்தார், உடையை மாற்றினார். பரதநாட்டியம் என்ற பெயரோடு அது சபாக்களுக்குள் நுழைந்தது. 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தபோது, ஆட்டம் புதிய வீடுகளில் பத்திரமாக இருந்தது. பரம்பரையாக ஆடியவர்களில் பெரும்பாலோர் மேடையை இழந்தார்கள். அந்தப் பரம்பரையில் வந்த பாலசரஸ்வதி, சிருங்காரத்தைச் சுத்தம் செய்யத் தேவையே இல்லை, அதுதான் இந்தக் கலையின் உயிர் என்று கடைசிவரை வாதாடினார்.

இங்கே நம் முன்னோர் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தது தெருக்கூத்து. அதில் பெண் வேடத்தையும் ஆணே கட்டினான். பெண் மேடையேறுவது அவமானம். இரண்டு மூன்று தலைமுறையில் நிலைமை தலைகீழ். இன்று டர்பனில் மகளுக்கு அரங்கேற்றம் என்றால் சொந்தபந்தம் முழுக்க அழைப்பிதழ் போகிறது. அந்த ஆட்டம் எந்தப் பெண்களின் உடம்பில் பிறந்தது என்று அழைப்பிதழில் யாரும் அச்சடிப்பதில்லை.

இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. சதிருக்குப் பின்னால் சாதியும் கோயிலும் பல நூற்றாண்டுச் சங்கீதமும் இருந்தன. கிளப் கம்பத்துக்கு வயது அரை நூற்றாண்டைக் கொஞ்சம் தாண்டும். தமிழ்நாட்டில் தேவதாசி முறை சட்டத்தால் முடிந்துபோனது, ஸ்ட்ரிப்பர்கள் இன்று இரவும் வேலைக்குப் போகிறார்கள். ஆனால் மரியாதை வந்த பாதை ஒன்றேதான்: ஆட்டத்தை உள்ளே அழைத்தார்கள், ஆட்டக்காரியை வாசலில் நிறுத்தினார்கள்.

வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் இம்முறை சும்மா இருக்கவில்லை. வட ஹாலிவுட்டில் ஸ்டார் கார்டன் என்ற சின்ன கிளப்பின் நடனக்காரிகள், பாதுகாப்புக் குறைகளை எதிர்த்து மாதக்கணக்கில் வாசலில் மறியல் செய்து, 2023-இல் நாடக நடிகர்களின் பழம்பெரும் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டியில் சேர்ந்தார்கள். அதற்கு முன்பு சான் பிரான்சிஸ்கோவின் லஸ்டி லேடி ஊழியர்கள் 1990-களிலேயே சங்கம் அமைத்திருந்தார்கள்.

'நான் அவள் இல்லை' என்று கோடு கிழித்தவர்களுக்கும் அந்தக் கோடு உதவவில்லை. 2019-இல் இன்ஸ்டாகிராம் போல் டான்ஸ் ஹேஷ்டேக்குகளைத் தேடலிலிருந்து மறைத்தபோது ஸ்ட்ரிப்பர், உடற்பயிற்சிக்காரி, போட்டியாளர் எல்லோரும் ஒன்றாகத்தான் காணாமல் போனார்கள். எதிர்ப்பு வந்த பிறகு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அடுத்த பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலின் இடைவேளையில் பாடகி ஜெனிஃபர் லோபஸ் கம்பத்தில் ஏறினார். முந்தைய ஆண்டு ஒரு படத்தில் ஸ்ட்ரிப்பராக நடிக்கக் கற்றது. கோடிக்கணக்கானோர் கைதட்டினார்கள். அமெரிக்க ஒலிபரப்பு ஆணையத்துக்கு 1,300-க்கும் மேற்பட்ட புகார்களும் போயின. ஏற்றுக்கொள்ளப்பட்டது என்றால் இந்த அளவுக்குத்தான்.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு

இன்று இதில் பல கிளைகள். மதிப்பெண் போட்டிக்கானது போல் ஸ்போர்ட். கதையும் பாவமும் சொல்வது போல் ஆர்ட். ஹீல்ஸ் போட்டு, தரையையும் கூந்தலையும் சேர்த்துக்கொண்டு கிளப்பின் நடையிலேயே ஆடுவது எக்ஸாட்டிக். ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் இவற்றைத் தனித்தனி வகுப்புகளாக நடத்தும். ஆண்களும் வருகிறார்கள், ஐம்பது வயதுக்காரர்களும் வருகிறார்கள். முதல் நாளே புல்-அப் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அந்தப் பலம் கம்பத்திலேயே வரும். மோதிரம், வளையல், தாலிச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். கம்பமும் கீறும், கழுத்தும் அறுபடும். ரத்த அழுத்தமோ கண் அழுத்தமோ இருந்தால் தலைகீழாகத் தொங்குவதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள். முதல் வாரமே தலைகீழாகத் தொங்கவிடும் ஆசிரியரை, கீழே மெத்தை போடாத ஆசிரியரை நம்பாதீர்கள். வீட்டில் மாட்ட ஆன்லைனில் மலிவுக் கம்பம் வாங்கும் ஆசை வரும். அழுத்தத்தில் நிற்கும் அந்த வகைக்குக் கான்கிரீட்டோ உத்திரமோ மேலே வேண்டும். ஜிப்சம் பலகைக் கூரையில் மாட்டினால் கம்பமும் கூரையும் நீங்களும் சேர்ந்து இறங்குவீர்கள்.

ஹீல்ஸ் வகுப்பில் சேர்வதானால் ஆசிரியர் யாரிடம் கற்றார் என்று கேட்டுப் பாருங்கள். கிளப்பில் ஆடியவர் என்று தயங்காமல் சொன்னால், கட்டணம் கொஞ்சம் கூடுதலானாலும் அங்கேயே சேருங்கள். இருபது சென்டிமீட்டர் ஹீல்ஸில் கணுக்கால் பிசகாமல் தரைக்கு இறங்கி எழுவதை அவர்கள் அளவுக்குப் பழகியவர்கள் வேறு யாரும் இல்லை.